பதினெட்டுக் குழி

தண்ணிக் கான்ல மண்ணு நெறஞ்சு கெடந்துச்சு, சேர். மழத்தண்ணி போக வழியில்ல. கரைய ஒடச்சுக்கிட்டு பள்ளிக்கூட முற்றத்துல எறங்கிருச்சு. ஒரு புள்ளைக்குக் காலு போச்சு. அவ்வளவுதான் நடந்தது. இத எழுத அம்மாம் பெரிய ஃபைலு எதுக்கு?

செல்லசாமி. வயசு எழுபத்தொண்ணு. பள்ளிக்கூடத்துக் காவல். அதுக்கு முந்தி தோட்டத்துல கான்வெட்டு, முப்பத்தி நாலு வருஷம். அப்பா பேரு எதுக்கு? அவரு செத்து நாளாச்சு. அவருக்கும் இந்தக் கானுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல.

அந்த பெஞ்சுல ஒக்காராதீங்க, காலு ஆடும். இதுல ஒக்காருங்க. நுவரெலியா கல்விக் கந்தோருல இருந்தா? வேன்லயா? சரி. கைய ஏன் அப்பிடித் தேய்க்கிறீங்க. ராகலைப் பக்கம் இப்பிடித்தான் குளுரும். பிளாஸ்க்குல பிளேன்டீ இருக்கு. சீனி இல்ல. குடிச்சா குடிங்க.

டீச்சரப் பத்தித்தானே கேக்க வந்தீங்க? கேளுங்களேன். வளச்சு வளச்சு எதுக்கு. சுதர்ஷினி டீச்சர வேலையில இருந்து எடுக்கணும், அதுக்கு ஒரு சாட்சி வேணும். நான் சொல்றேன். முற்றத்த மாத்துனது அவ. கான மாத்துனது அவ. மழைக்குள்ள புள்ளைய வெளிய விட்டது அவ. மூணையும் நான் பாத்தேன். போதுமா? எங்க கையெழுத்து?

என்னது, மொதல்ல இருந்தா?

ஒங்க ஆளுங்களுக்கு மொதல்ல இருந்து கேக்கலன்னா தூக்கம் வராதோ. சரி, எழுதுங்க. நிறுத்தி நிறுத்திச் சொல்ல மாட்டேன்.

இந்த முற்றத்தப் பாருங்க. இப்ப சேறும் கல்லுமாக் கெடக்கு. போன வருஷம் வரைக்கும் என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. செவப்பு மண்ணு. காலையில புள்ளைங்க வரிசையா நிப்பாங்க, தோட்டத்துல வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுல ஆளு நிக்கிற மாதிரி. பாடுவாங்க, உள்ள போவாங்க. நடுவுல என் கான். மேல மலையில இருந்து வர்ற தண்ணி இந்த முற்றத்தக் குறுக்க வெட்டிக்கிட்டு கீழ ஆத்துக்குப் போகும். நூல் புடிச்ச மாதிரி நேரா. இருபத்தாறு வயசுல நான் வெட்டினது. என்கூட ஆறு பேரு. அஞ்சு பேரு செத்துட்டான், ஒருத்தன் கொழும்புல மகன் வீட்டுல நாயப் பாத்துக்கிறான்.

சுதர்ஷினி இங்க கீழ, பணிய லயத்துல பொறந்த புள்ளதான். செத்த அஞ்சு பேருல ஒருத்தன் அவ அப்பன். படிச்சா, டீச்சரானா, கேட்டு வாங்கிக்கிட்டு இங்கயே வந்தா. வந்தவ பாடத்தச் சொல்லிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகல. முற்றமே பாடம் சொல்லிக் குடுக்கணுமாம். ஆமா சேர், முற்றம். சிரிக்கணும்னா சிரிங்க, இங்க ஒருத்தரும் பாக்கல.

கொழும்புல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க, தொப்பியும் முதுகுப் பையுமா. முற்றத்துல குறுக்கயும் நெடுக்கயும் நடந்தாங்க. படம் போட்டாங்க. மரம், கல்லு, தண்ணி, புல்லு, இத வச்சே புள்ளைங்களுக்கு எல்லாத்தையும் படிப்பிக்கலாமாம். வாய்ப்பாட்டுக்குக் கல்லுப் படி. மூங்கில வெட்டித் தொங்க விட்டா அது சங்கீதம். தவளைக் குஞ்சு வளர ஒரு குளம். நம்ம புள்ளைங்களுக்குத் தவளையக் காட்டணுமா? லயத்துல கட்டிலுக்கு அடியில வந்து கத்துது. வெரட்டத்தான் ஆளு வேணும்.

அதெல்லாம் கூடப் போகட்டும். முற்றத்துக்கு நடுவுல இலங்கையப் போட்டா. புல்லால. யாழ்ப்பாணம் அந்தா, சமையல்கட்டுப் பக்கம். மாத்தறை கக்கூசுப் பக்கம். ஒரு புள்ளைக்கு ஒரு ஊரு, ஊருக்கு ஒரு கல்லு. கல்லுல ஏறி நின்னு அந்த ஊருல என்ன வெளையும், எந்த ஆறு ஓடும்னு சொல்லணும். ஆறு? ஆறு இருக்கு சேர். கான் தண்ணிய வளச்சு, அடியில கல்லப் பதிச்சு, இலங்கைக்குள்ள விட்டா. அது மகாவலியாம். கொஞ்சம் தள்ளிக் கொண்டு போயிக் குளத்துல சேத்துட்டு, அங்க இருந்து ஆத்துக்கு.

என் கான மூடிட்டா.

புள்ளைங்க தாண்டுறப்போ விழுறாங்களாம். நாப்பத்தஞ்சு வருஷமா விழுந்தாங்க, எந்திரிச்சாங்க. ஒருத்தனும் சாகல.

இல்ல, மூடுனதுக்காக எனக்குக் கோவமில்ல. கான் அப்பிடித்தான். வெட்டுவோம், மூடுவாங்க, வேற எடத்துல வெட்டச் சொல்லுவாங்க. தொர மாறுனா கானும் மாறும். கேளுங்க, குறுக்க வராதீங்க.

மூடுறதுக்கு முந்தி ஒருநாள் ஒரு குழாயக் கொண்டாந்தா. உள்ள தண்ணி தெரியுற குழாய். மேசன்மாரு மட்டம் பாக்க வச்சிருப்பான், பாத்திருப்பீங்க. ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், நடுவுல நீங்க எப்பிடி வளச்சாலும். மூணாம் வகுப்ப வெளிய கூட்டியாந்து என் கானுக்கு மட்டம் பாத்தா. பாடம். நான் அந்தத் தூணுகிட்ட நின்னேன். ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு நின்னது டிலுக்ஷி. அதான், காலு போன புள்ள. அளவு பாக்குற அடிமட்டத்த வச்சுப் பாத்துட்டுக் கத்துது, டீச்சர், நடுவுல கான் ஏறுது, நாலு அங்குலம் ஏறுது!

சிரிச்சுச்சு. அதுதான் மொதல்ல சிரிச்சுச்சு. பொறவு வகுப்புல முப்பதும் சிரிச்சுச்சுங்க.

என் கண்ணுதான் சேர் மட்டம். கங்காணி மட்டப்பலகையத் தூக்கிட்டு வந்தா, கொண்டு போயி ஸ்டோர்ல வைய்யும்பேன். ஒரு கண்ண மூடுவேன், குச்சியக் குத்துவேன், வெட்டச் சொல்லுவேன். இறம்பொடையில இருந்து தொர லொறி அனுப்பி என்னக் கூட்டிட்டுப் போயிருக்கான். ஆறு தொர மாறினான், ஒருத்தன் என் கானுக்கு மட்டம் வச்சதில்ல. மூணாம் வகுப்பு வச்சிருச்சு.

அவ வந்து என் தோள்ல கைய வச்சா. தாத்தா, கண்ணு தப்பு பண்ணும், தண்ணி தப்பு பண்ணாதுன்னா. நல்ல விதமாத்தான் சொன்னா. நக்கல் இல்ல. திட்டியிருந்தா நானும் அவ அப்பன் வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பேன், தீந்திருக்கும். நல்ல விதமாச் சொன்னவள என்ன செய்யிறது?

அடுத்த நாளு கேட்டத் தொறக்கப் போறேன், ஒண்ணு கத்துது, கண்ணு தப்பு பண்ணும்! அந்தப் பக்கம் இன்னொண்ணு, தண்ணி தப்பு பண்ணாது! வாய்ப்பாடு மாதிரி. லயத்துக்கும் போயிருச்சு. பீடி பத்த வைக்கிறேன், காத்துல நெருப்பு தவறுது. ஒரு நாயி கேக்குறான், என்ன மாமா, நாலு அங்குலம் தள்ளிட்டீங்களா? கோயில்ல விபூதி பூசுறேன், ஒருத்தி வாயப் பொத்திக்கிறா. எழுபது வயசு வரைக்கும் இந்தத் தோட்டத்துல என்னப் பாத்து ஒருத்தரும் சிரிச்சதில்ல.

மனசு கஷ்டப்பட்டுச்சான்னு கேக்குறீங்க. நல்ல ஆளு நீங்க. கல்யாணம் கட்டியாச்சா?

வாசிங்க, என்ன எழுதியிருக்கீங்க. ... ம். புதுக்கான் பெழையா அமைக்கப்பட்டதால்னு. இது யாரு சொன்னது? இஞ்சினியரா? அவரு வாகனத்துல இருந்து எறங்கவே இல்லையே, கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டுப் போனாரு. அவளே எழுதிக் குடுத்துட்டாளா? சுதர்ஷினியா? எங்க, காட்டுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும், அவ்வளவு சத்தமா வேணாம்.

ஆமா. அவ எழுத்துதான். மட்டம் பார்த்ததில் என் பிழை. நெசமாவே எழுதிட்டாளே.

ஒரு நிமிஷம் இருங்க. டீ ஆறிருச்சு. வேற ஊத்துறேன்.

பெழ இல்ல சேர் அது. சித்திரைக்கு முந்தி மூணு நாள் மழ அடிச்சுச்சு, ஞாபகமிருக்கா? நானுஓயாவுல ரயிலே நின்னுச்சே. அந்த மழைக்கு இங்க ஒரு பொட்டுத் தண்ணி முற்றத்துல நிக்கல. வளஞ்சு வளஞ்சு, கல்லுக் கல்லாத் தாண்டி, சத்தம் போட்டுக்கிட்டு ஓடுச்சு. குளம் நெறஞ்சு ஆத்துக்குப் போச்சு. நான் மூணு நாளும் கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னேன், எங்கயாவது ஒடையுமான்னு. ஒடையல. என் கான்ல கூட அந்த மாதிரி மழைக்கு நடுவுல கொஞ்சம் வழியும். அவ வளச்ச எடத்துல வழியல.

யாருகிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்?

எழுதாதீங்க, இன்னும் முடியல. ஜூட்சன் சேர் என்ன எழுதியிருக்காரு? பள்ளிக்கூட அதிபர். அவரு கடுதாசியும் இருக்குமே. குச்சி நட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்காரா? என்ன குச்சின்னு ஒங்களுக்கு வெளங்கலையாக்கும்.

மேல பாருங்க. அந்த சைப்ரஸ் மரத்துக்குக் கீழ கோடு மாதிரி போகுதே, அதுவும் கான்தான். மலக்கான். முன்ன அது தேயில மலை, இப்ப கம்பனி கைவிட்டு காடாப் போச்சு. அந்தக் கானுக்குள்ள பத்தடிக்கு ஒரு குழி தோண்டியிருக்கும். மேல இருந்து அடிச்சுக்கிட்டு வர்ற மண்ணு குழியில தங்கிரும், தண்ணி மட்டும் அடுத்த குழிக்கு வழிஞ்சு போகும். அப்பிடி இங்க பதினெட்டுக் குழி. குழி நெறஞ்சா மண்ண வாரி மேட்டுப் பக்கம் போடணும். போடலன்னா தண்ணி கானுக்குள்ள ஓடாது. கரையத் தின்னுட்டு நேரா எறங்கும்.

இப்ப குழிய வாரியாச்சுன்னு கங்காணிக்கு எப்பிடித் தெரியும்? ஒவ்வொரு குழியா ஏறி எறங்க அவன் என்ன ஆடா? வாரினவன் குழியோரத்துல ஒரு மானாப்புல்லுக் குச்சிய நட்டுட்டுப் போவான். பச்சக் குச்சி. கங்காணி றோட்டுல நின்னு எண்ணுவான். பதினெட்டுக் குச்சி, பதினெட்டுக் குழி. முழு நாள் சம்பளத்துக்குப் பேரு போட்டுட்டுப் போயிருவான். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தான். குழியப் பாக்க மாட்டாங்க. குச்சியப் பாப்பாங்க. வாராமக் குச்சி நட்டவன்னு இந்தத் தோட்டத்துல ஒருத்தன் கெடையாது. வேல செய்யாம ஓடி ஒளிஞ்சவன் இருக்கான். சாராயத்தக் குடிச்சுட்டுக் குழிக்குள்ளயே படுத்தவன் இருக்கான். பொய்க் குச்சி நட்டவன் இல்ல.

ஆமா, மழைக்கு முந்தின வாரம் பதினெட்டுக் குச்சி நின்னுச்சு. ஜூட்சன் சேர் பொய் எழுத மாட்டாரு. அழுவாரு, பொய் எழுத மாட்டாரு.

புதன்கிழமையச் சொல்லவா? சொல்லித் தொலைக்கிறேன்.

வியாழக்கிழம பெரிய ஆளுங்க வர்றதா இருந்துச்சு, மாகாணத்துல இருந்து, முற்றத்தத் தொறந்து வைக்க. வாழமரம் கட்டியாச்சு. செவ்வாக்கிழம புடிச்ச மழ விடல. புதன் இன்டர்வெல்லு. புள்ளைங்க எல்லாம் உள்ள. டிலுக்ஷி மட்டும் வெளிய. குளத்துல தண்ணி எத்தன அங்குலம் ஏறிருக்குன்னு தெனமும் இன்டர்வெல்லுல பாத்து எழுதுறது அது வேல. டீச்சர் குடுத்த வேல. உரச்சாக்கத் தலையில மாட்டிக்கிட்டு, அடிமட்டத்தக் குளத்துல விட்டுக்கிட்டு, கொப்பிய வயித்துக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு எழுதுது. அவ விட்டது உண்மை. குளத்துப் படி வரைக்கும்தான் போகணும்னு சொல்லி விட்டா, அதுவும் உண்மை. படியில இருந்து அடிமட்டம் எட்டல, புள்ள எறங்கிருச்சு.

சத்தமே இல்ல சேர். ஆடு செருமுற மாதிரி ஒண்ணு. பொறவு மேட்டுக் கரை அப்பிடியே நகந்து வந்துச்சு, கல்லுக்கட்டோட. இலங்கையில கெழக்குப் பக்கம் முழுக்க மண்ணுக்குள்ள போயிருச்சு. புள்ள தண்ணி வருதுன்னு ஓடல. நிமிந்து பாத்துச்சு, குனிஞ்சு அடிமட்டத்தப் பாத்துச்சு. எழுதணும்ல.

டீச்சர்தான் மொதல்ல பாஞ்சா. நகம் பேந்து தொங்குற அளவுக்குக் கல்லப் பெரட்டினா. பெரட்டி என்ன? முட்டிக்குக் கீழ நசுங்கிருச்சு. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. அம்மாக்காரி கொழுந்துமலையில இருந்து கூடையோட ஓடியாந்தா, கூடையோடயே வேன்ல ஏறினா.

நானா? கேட்டுகிட்ட நின்னேன். கேட்டுதானே என் வேல.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சுதர்ஷினி எங்கிட்ட வந்தா. கைவெரல்ல எல்லாம் கட்டு. தாத்தா, மழைக்கு முந்தி குழியெல்லாம் வாரினீங்கதானேன்னா. குச்சிய நீ எண்ணலையான்னேன். எண்ணினேன் தாத்தா, பதினெட்டுன்னா. பொறவென்னன்னேன். அப்ப என் மட்டந்தான் பெழன்னா. அந்தக் குழாயத் தேடி எடுத்துக்கிட்டு சேத்துக்குள்ள எறங்கிட்டா. புடிக்க இன்னொரு ஆளு இல்ல, அந்த முனையக் கல்லுல கட்டிக்கிட்டு, இங்க ஓடி அங்க ஓடி, ஒத்தையில மட்டம் பாத்தா. சரியாத்தான் வந்திருக்கும். வந்தும் அவளுக்கு நம்பிக்க வரல. திரும்பப் பாத்தா. மூணு தடவ பாத்தா. இந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டு நான் வேடிக்க பாத்தேன். முடிச்சுட்டுத்தான் அந்தக் கடுதாசிய எழுதியிருப்பா.

ஒங்க போனு அடிக்குது. பேசிட்டு வாங்க.

பேசியாச்சா? யாரு, வீட்டுலயா? கறி வாங்கிட்டு வரச் சொன்னாங்களா? சந்தையில தோல் சீவின கரட்ட வாங்காதீங்க, பழசு.

ரெண்டாவது தாளு ஒண்ணு வச்சிருக்கீங்களே, அது என்ன? இதுலயும் கையெழுத்தா? வாசிங்க. நீங்களே வாசிங்க, கண்ணாடி இல்ல.

... எழுபத்தொரு வயதிலும், கொட்டும் மழையில், தனியொருவராக, பதினெட்டு மண்குழிகளையும் வாரி, வெள்ளத்தைத் திருப்பி, பணிய லயத்து இருபத்திரண்டு குடும்பங்களை... நல்லாத்தான் எழுதுறாரு ஜூட்சன் சேர். யாருக்கு இது? எனக்கா? பாராட்டா? மேடை போட்டா? சால்வையுமா.

பேனாவ மூடுங்க.

மூடுங்க சொல்றேன். ஒங்க வயசுல எனக்கு ஒரு மகன் இருந்தான், ஒரு தடவ சொன்னா கேப்பான்.

அந்தக் குச்சிய நட்டது நாந்தான். குழி வாரல. ஒரு குழி கூட வாரல. பதினெட்டுலயும் வருஷ மண்ணு, மேல புல்லு மொளச்சுக் கெடந்துச்சு. பெரிய ஆளுங்க வர்றதுக்குள்ள வாரிருங்க தாத்தான்னு டீச்சர் எங்கிட்டதான் சொன்னா. சரின்னேன். காலையில போயி மானாப்புல்ல அறுத்தேன், பதினெட்டாப் பிரிச்சேன், நட்டேன், எறங்கிட்டேன். அர மணித்தியாலம் ஆகல. வேர்க்கவே இல்ல.

ஜூட்சன் சேர் கேட்டாரு, தாத்தா வாரியாச்சான்னு. போயிப் பாருங்கன்னேன். இங்க நின்னுக்கிட்டே நிமிந்து பாத்தாரு, வெரல விட்டு எண்ணினாரு, நல்லதுன்னு போயிட்டாரு. டீச்சரும் எண்ணினா. அந்தத் தொப்பிக்காரங்க ரெண்டு பேரும் இங்க இருந்திருந்தா ஏறிப் போயி குழிக்குள்ள எட்டிப் பாத்திருப்பாங்க. அவங்களுக்குக் குச்சி தெரியாது. இவங்க தோட்டத்துப் புள்ளைங்க. குச்சியப் பாத்தாங்க, போதும்னுட்டாங்க. என்ன ஒருத்தரும் பொய் சொல்ல வைக்கல. நானும் வாயால ஒரு பொய் சொல்லல.

ஏன்னா கேக்குறீங்க? இம்புட்டு நேரம் என்னத்த எழுதுனீங்க?

கொஞ்சம் சேறு எறங்கட்டும்னு நெனச்சேன். வியாழக்கிழம பெரிய ஆளுங்க முன்னாடி, இலங்கை முழுக்க சேறு. அவ மூஞ்சி போற போக்கப் பாக்கணும். அந்த முப்பதும் வாய மூடணும். பொறவு எங்கிட்ட வருவா, தாத்தா, ஒங்க கானையே தொறந்து விடுங்கன்னு. அம்புட்டுத்தான் சேர். காலு போகும்னு நெனைக்கல. நெனச்சிருந்தா வாரியிருப்பேனா? தெரியல. அதையும் அப்பிடியே எழுதுங்க, தெரியலன்னு.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க. இன்னும் இருக்கு. மூடுன பேனாவத் தொறங்க.

வியாழக்கிழமையும் மழ விடல. பெரிய ஆளுங்க வரல. பாதித் தோட்டம் ஆஸ்பத்திரியில, மிச்சம் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கு. ஒடஞ்ச கரை வழியாத் தண்ணி பணிய லயத்துக்குத் திரும்பிருச்சு. பொழுது சாயுற வரைக்கும் அப்பிடியே ஓடியிருந்தா லயம் முதுகுச் செவுரு விழுந்திருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு என் லயத்துக் காம்பராவுக்குள்ள ஒக்காந்திருந்தேன். ஏழர மணி இருக்கும். கதவுக்கு வெளிய சாத்தி வச்சிருந்த என் மம்பட்டிய யாரோ எடுக்குற சத்தம். ஜன்னலத் தொறந்து பாத்தா, ஒரு பொம்பள. மழைப் படங்கத் தலையோட போத்திக்கிட்டு மேல ஏறுறா.

பின்னாடியே போனேன். ஒதவிக்கு இல்ல. அந்த சைப்ரஸ் மரத்தடியில நின்னேன்.

மொதக் குழியில குச்சியப் புடுங்கினா. குழியப் பாத்தா. குச்சியப் பாத்தா. பச்சக் குச்சி, புல்லு மொளச்ச மண்ணு. தோட்டத்துல பொறந்தவளுக்கு அதுக்கு மேல யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். நிமிந்தா, மரத்தடியில நான். என்னையே பாத்தா. மம்பட்டிய ஓங்கிட்டு வருவான்னு நெனச்சேன். வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும். வரல. குச்சிய ஒரு பக்கமா வச்சா, குழிக்குள்ள எறங்கினா, வார ஆரம்பிச்சுட்டா.

ஏழரைக்கு ஏறினவ ரெண்டு மணிக்கு எறங்கினா. பச்சத் தண்ணி குடிக்கல. நான் நின்ன எடத்துல நின்னு பதினெட்டையும் எண்ணினேன். வாரின மண்ண மேட்டுப் பக்கம் போட்டு மம்பட்டியாலயே தட்டி விட்டிருக்கா, திரும்ப வழியாம. குழி ஓரம் கத்தியால அறுத்த மாதிரி. நாங்க ஏழு பேரு வாரினா கூட அவ்வளவு சுத்தமா வராது. தண்ணி பழைய வழிக்குத் திரும்பிருச்சு. முடிச்சுட்டு ஒரு குச்சி நடல. பழைய பதினெட்டையும் கட்டாக் கட்டிக் கொண்டாந்து, மம்பட்டியோட சேத்து என் கதவுல சாத்திட்டு, றோட்டுக்கு ஓடிட்டா, பஸ்ஸுக்கு.

சாயங்காலம் ஜூட்சன் சேர் வந்தாரு. மம்பட்டியில ஈர மண்ணு. தாத்தா, நீங்களா, இந்த வயசுலயான்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் பேசாம நின்னேன். பேசாம நின்னதுக்குத்தான் இந்தத் தாளு.

மூணு வாரமாச்சு. அவ யாருகிட்டயும் வாயத் தொறக்கல. சொல்லட்டும், நானும் நாலு வார்த்த திருப்பிப் பேசலாம்னு பாத்தேன். சொல்ல மாட்டேங்குறா. குழாயடியில என்னக் கண்டா கொடத்தத் தூக்கிக்கிட்டு ஒதுங்கி வழி விடுறா.

மனசு மாறிட்டாருன்னு எழுதிறாதீங்க. டீச்சரப் பாத்துப் பாவமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவளப் பாத்தா இப்பவும் எனக்கு எரியுது. ஆனா அடுத்த ஆளு வாரின குழிக்கு என் பேரு போடக்கூடாது. எங்க வேலையில அது இல்ல.

மொதத் தாள எடுங்க. டீச்சர் பேரு இருக்குற எடத்துல அடிச்சுட்டு என் பேரப் போடுங்க. செல்லசாமி. கையெழுத்தா? குடுங்க. ... ம். பொலிஸுக்கு நீங்க சொல்றீங்களா, நான் போகணுமா? சரி, இருக்கேன். எங்கயும் ஓட மாட்டேன், முட்டு வலி.

இப்ப ரெண்டாவது தாளு. என் பேர அடிங்க. நல்லா அடிங்க, கீழ தெரியக்கூடாது. அதுக்கு மேல எழுதுங்க. கொழுந்தெடுக்குற புள்ள. பணிய லயம், நாலாம் காம்பரா. அன்னைக்குக் காலையில மொத பஸ்ஸுல ஆஸ்பத்திரியில இருந்து மாத்துத் துணி எடுக்க வந்தவ. டிலுக்ஷியோட அம்மா.

நிஷாந்தி.